தேன்மெழிக்குக் கால் இல்லை, வண்டிக்குக் காது இல்லை

அன்பு மாப்ளே செல்வராசுக்கு,

"நலம், நலமறிய ஆவல்" என்று ஆரம்பிக்கத்தான் அஞ்சாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை என்பது உனக்குத் தெரியும். உன் நலத்தை நான் எங்கே போய் அறிவது? அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் வண்டி விழுந்துவிட்டது. பதறாதே. யாரும் ஓட்டவில்லை. நின்ற இடத்திலேயே விழுந்தது.

தள்ளியது ஆடு. ஆட்டை அதில் கட்டியது உன் ஆத்தா.

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வயலில் உட்கார்ந்தாயே, அன்றைக்குக் காலையில் தகரக் கொட்டகையில் எந்த இடத்தில் வண்டியை நிறுத்தினாயோ, அதே இடத்தில்தான் நிற்கிறது. உன் அக்கா யாரையும் தொட விடவில்லை. சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். கட்டிய புருஷன் எனக்கே கிடையாது. "இடையிடையே ஸ்டார்ட் பண்ணாட்டி பேட்டரி போயிரும் மல்லிகா" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். "ஆளே போயிட்டான், பேட்டரி இருந்து என்ன ஆகப்போகுது" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தால் நான் ஏன் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறேன்?

மழை பெய்து தரை ஊறியிருந்தது. உன் ஆத்தா ஆட்டுக்கயிற்றை வண்டியின் முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கில் கட்டிவிட்டுப் போக, எதிரே முருங்கைக் கொப்பு ஒடிந்து கிடக்க, ஆடு இழுத்த இழுப்பில் சைடு ஸ்டாண்டு சேற்றுக்குள் இறங்கி, வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. டேங்குக்கு ஒன்றுமில்லை. முன் மட்கார்டுதான் அடி வாங்கியது. அதை ஃபோர்க்கோடு சேர்த்துப் பிடிக்க ஓரத்தில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நீட்டல் இருக்குமே, போல்ட் ஏறுகிற இடம், மெக்கானிக்குகள் காது என்பார்களே, அது இடது பக்கம் இரண்டும் முறிந்துவிட்டது. முறிந்த துண்டுகளைத் தேடினேன். கிடைக்கவில்லை. ஆடு தின்றிருக்கும் என்பது என் கட்சி.

"ஆட்டைக் கட்ட வேற எடமே இல்லையா அயித்த?" என்றேன்.

"ஆடு என்னத்தக் கண்டுச்சு மாப்புள? என் மகன் வண்டி அம்புட்டு வலுவுன்னு நெனச்சுக் கட்டிட்டேன். அது இப்புடி அப்பளமா இருக்கும்னு நான் கண்டனா?"

பார்த்தாயா, பழி கடைசியில் உன் மேல்தான்.

சரி, காது என்றதும் உனக்கு இன்னொரு காது ஞாபகம் வந்திருக்கும். தேனுவுக்கு இன்னும் காது குத்தவில்லை மாப்ளே. அவளுக்கு மூன்று வயது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, தலை நரைத்த பிறகு பிறந்தவள். "மச்சான், பிள்ளைய பள்ளிக்கூடத்துல சேக்கப் போனா ஒங்களத் தாத்தாவான்னு கேப்பாய்ங்க" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கேலி பண்ணினாய். ஒரு வயதிலேயே குத்தியிருக்கலாம். "மாமன் மடியில ஒக்காரும்போது மாமன் கையில காசு வேணும்ல, பொறுங்க" என்று நீதான் தள்ளிப்போட்டாய். பிறகு மடியே இல்லாமல் போயிற்று. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். உன் அக்காவுக்கு உடன்பிறப்பு நீ ஒருத்தன். தலைத்திவசம் முடிந்தும் அவள் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. பால்வாடிக்குக் கூட்டிப்போனால், முடியும் குட்டையாக இருப்பதால், "தம்பி பேரென்ன?" என்று கேட்கிறார்கள். "தம்பி இல்ல, தேனு" என்று அவளே திருத்துகிறாள். உன் அக்கா அதைக் கேட்டும் கேளாதவளாக நடப்பாள்.

மட்கார்டைப் பார்க்க இலுப்பூரிலிருந்து மெக்கானிக் வந்தான். அவனுக்கு ஒரு நிமிஷ வேலை. "புதுசு மாட்டிரலாம்ணே. இதுக்கு ஏன் கெடந்து முழிக்கிறீங்க?" என்றான். நானும் சரி என்றுதான் சொன்னேன். மல்லிகா சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள்.

"அவன் எழுதுன பேரு அதுலதான இருக்கு? புது மட்கார்டுல யாரு வந்து எழுதுவா?"

மெக்கானிக் குனிந்து, மட்கார்டின் நெற்றியில் இருந்த சிவப்பு ரேடியம் ஸ்டிக்கரைப் படித்தான். "தேன்... மெழி? இது என்னண்ணே சாமி பேரா?"

எப்படி இருக்கிறது கதை? பிள்ளை பிறந்த மூன்றாம் நாள், எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், ஸ்டிக்கர் கடைக்குப் போய்ப் பெயரை வெட்டி ஒட்டிக்கொண்டு வந்து நின்றவன் நீ. நான் மீனாட்சி என்று வைக்க நினைத்திருந்தேன். ஊர் முழுக்க வண்டி சுற்றிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று முடிந்துபோயிற்று. பிறப்புச் சான்றிதழுக்கு முன்னால் மட்கார்டில் பெயர் வாங்கிய பிள்ளை இந்த ஜில்லாவிலேயே என் மகள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதிலும் கடைக்காரன் 'மொ'வுக்குக் கால் போடாமல் 'மெ' என்று வெட்டிக் கொடுத்திருக்கிறான். அதைக் கண்டுபிடிக்க உங்கள் வம்சத்தில் ஒருத்தருக்கும் துப்பில்லை. அஞ்சாவது படித்த நான்தான் கண்டுபிடித்தேன். "கால்தானே மச்சான், நடக்கும்போது மொளச்சுக்கிரும்" என்றாய்.

இப்போது பெயருக்குக் கால் இல்லை, வண்டிக்குக் காது இல்லை. மாமன் சீர் நன்றாக இருக்கிறது.

முதலில் நானே ஒட்டிப் பார்த்தேன். உடனே ஒட்டுகிற பசையைச் சொட்டுவிட்டு, மேலே சோடா உப்பைத் தூவினால் கல்லாகிவிடும் என்று என்னோடு பெயிண்ட் அடிக்கிறவன் சொன்னான். ஒரு பிளாஸ்டிக் துண்டைக் காது போல வெட்டி வைத்து அப்படியே செய்தேன். கல்லாகத்தான் ஆனது. என் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு கல்லாகிவிட்டன. இரண்டு நாள் சோற்றை ஸ்பூனில் தின்றேன். வண்டியைக் கொட்டகைக்குள்ளேயே முன்னே பின்னே தள்ளிப் பார்த்தபோது, வாசல்படியில் சக்கரம் ஏறி இறங்கிய அதிர்வுக்கே காது 'டக்' என்று கழன்று விழுந்தது.

அப்புறம்தான் உன் சேக்காளி ஆரோக்கியத்தைக் கேட்போம் என்று தோன்றியது. ஆவூரிலிருந்து வந்து கடைத்தெருவில் இன்னமும் டிவியும் மிக்ஸியும் பிரித்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறான். மட்கார்டைக் கழற்றிக் கொண்டுபோய் அவன் மேசையில் வைத்தேன். திருப்பிப் பார்த்து, நகத்தால் சுரண்டி, சிரித்தான்.

"மச்சான், இது பசை புடிக்காத சாதி பிளாஸ்டிக். சிரிச்சுக்கிட்டே வந்துரும். உருக்கித்தான் சேக்கணும். இதே சாதியில வேற துண்டு வேணும். ஒங்ககிட்ட பெயிண்டு வாளி இருக்குல்ல? அது சரியா வரும்."

என்னிடம் இல்லாத பெயிண்ட் வாளியா? ஆனால் அவன் கடையில் அன்றைக்குக் கூட்டம். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்றான். முந்தின நாள் அவனுக்கு ஞாபகப்படுத்த, கொல்லைப்பக்கம் நின்று போன் போட்டேன். அங்கேதான் மாப்ளே வந்தது வினை. நான் பேசியது இவ்வளவுதான்:

"ஆரோக்கியம், நாளைக்கு வெள்ளிக்கிழமை. காது குத்துறத மறந்துறாத... ஆமா, ரெண்டும்தான்... கம்பிய நல்லாக் காய்ச்சு, ஒரே குத்தாக் குத்திரு... நான் கெட்டியாப் புடிச்சுக்கிறேன்... வேற யாரும் வேணாம், நீ போதும்... மல்லிகாவுக்குத் தெரிய வேணாம்ப்பா, பாத்தா அழுவா."

சுவருக்கு அந்தப் பக்கம் உன் ஆத்தா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

நான் வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்தால் வாசல் நிறையச் செருப்பு. உள்ளே போனால், நடுவீட்டில் தேனுவைச் சேலைக்குள் மூடி மடியில் வைத்துக்கொண்டு உன் ஆத்தா உட்கார்ந்திருக்கிறது. மல்லிகா முகம் அரைத்த மஞ்சள் மாதிரி இருக்கிறது. உன் சித்தப்பா மகன் குமார் ஒரு தட்டில் வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் வைத்துக்கொண்டு மூலையில் நிற்கிறான்.

"மாப்புள, நீங்க மனுசந்தானா?" என்றது உன் ஆத்தா. "பச்சப்புள்ள காதுல காய்ச்சுன கம்பியா? அதுவும் மிக்சி ரிப்பேர் பண்றவனா? ஏன், நம்ம ஊருல பத்தருக்குப் பஞ்சமா?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்க, அது தலையில் அடித்துக்கொள்ள, ஒருவழியாகக் கொட்டகைக்கு அத்தனை பேரையும் கூட்டிப்போய் மட்கார்டைக் காட்டினேன். "இந்தக் காது அயித்த. இந்தக் காது. ஒங்க ஆடு ஒடச்ச காது." வந்தவர்கள் சிரித்துச் சிரித்துச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நீ இருந்திருந்தால் இதை வைத்து ஆறு மாதம் ஓட்டியிருப்பாய்.

ஆனால் உன் ஆத்தா சிரிக்கவில்லை. "வண்டிக்கோ பிள்ளைக்கோ, காதுகுத்துன்னு நல்ல வார்த்த இந்த வீட்டுல விழுந்துருச்சு. பங்காளி வீட்டுல பழத்தட்டு வந்துருச்சு. வந்த தட்டத் திருப்பக் கூடாது. வர்ற முகூர்த்தத்துல குத்திர வேண்டியதுதான்" என்றது.

"யாரு மடியில?" என்று ஒருத்தி கேட்டாள்.

எல்லோரும் குமாரைப் பார்த்தார்கள். மல்லிகா மட்டும் பார்க்கவில்லை. "எவன் மடியிலயும் என் பிள்ள ஒக்காராது" என்றாள்.

குமார் வாய் பேசாதவன், உனக்குத் தெரியும். பெண் பார்க்க உன்னோடு திருக்கோகர்ணம் வந்தபோது, உன்னைவிட அவனைத்தான் அந்த வீட்டில் பிடித்திருந்தது. நீ இரண்டு தட்டு பஜ்ஜியைக் காலி பண்ணிக்கொண்டிருந்தாய். அப்பேர்ப்பட்டவன் அன்றைக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசினான்.

"அக்கா, அவனுக்குக் கொள்ளி வைக்க மட்டும் நான் தம்பியா? மடி குடுக்கத் தம்பி இல்லையா?"

உனக்குக் கொள்ளி வைத்தவன் அவன்தான் மாப்ளே. நீ பெண்டாட்டி பிள்ளை இல்லாமல் போய்ச் சேர்ந்தாய்; உன் அப்பாவும் இல்லை; அவன்தான் குடம் தூக்கினான், மொட்டை போட்டான். மல்லிகா எழுந்து கொட்டகைக்குப் போனாள். மட்கார்டு இல்லாமல் பல் போன வாய் மாதிரி நின்ற உன் வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்பி வந்து, "மொதல்ல இதச் சரி பண்ணுங்க. மத்ததப் பொறவு பேசுவோம்" என்றாள். என்ன பேசுவாள் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ராத்திரிச் சோற்றுக்குக் குமார் நிற்காமல் போய்விட்டான். தட்டு மட்டும் எங்கள் வீட்டிலேயே இருந்தது.

மறுநாள் காலையில் ஆரோக்கியம் வந்தான். வாசலில் காலை வைத்ததுமே உன் ஆத்தா, "வாங்க பத்தரே" என்றது. பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

பெயிண்ட் வாளியின் அடிப்பாகத்தில் தடிப்பாக இருக்கிற இடத்தைப் பார்த்து, இரண்டு காதுகளை நான் வெட்டினேன். முறிந்த வாயையும் புதுக் காதின் வாயையும் கத்தியால் சரிவாகச் சீவினேன். உருகிய பிளாஸ்டிக் இறங்கி உட்கார அங்கே பள்ளம் வேண்டுமாம். அவன் டிவிக்கு ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலைக் காய வைத்து, இரண்டு பக்கமும் இளகுகிறபோது ஒன்றாக அழுத்தினான். பிறகு ஸ்டேப்ளர் பின்களை இணைப்பின் மேல் குறுக்கே வைத்துத் தையல் போட்ட மாதிரி உள்ளே அழுத்தி, வாளியில் வெட்டிய மெல்லிய குச்சிகளை அதன் மேல் உருக்கி மெழுகினான். முன்பக்கம் முடிந்ததும் பின்பக்கம். புகையும் நாற்றமும் தாங்காமல் ஆடே தூரப் போய்விட்டது. இப்போதாவது புத்தி வந்ததே.

"சுட்டதும் தண்ணியில முக்கலாமா?" என்று கேட்டேன்.

"முக்குனா வெறைச்சு விரிஞ்சுரும். தானா ஆறட்டும் மச்சான். நீங்க சும்மா இருந்தாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி."

ஆறியதும் மட்கார்டை வண்டியில் வைத்து, வலது பக்கத்துப் போல்ட்டுகளை ஏற்றி, இடது பக்கம் ஃபோர்க்கின் ஓட்டை எங்கே வருகிறதோ அங்கே காதில் மையால் புள்ளி வைத்தோம். முன்னாலேயே ஓட்டை போட்டிருந்தால் அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம் நின்றிருக்கும். அதன் பிறகு கழற்றி, காய்ச்சிய கம்பியால் குத்தினான். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். போனில் பேசியது ஒரு எழுத்து மாறாமல் நடந்தது.

உன் மட்கார்டு கறுப்பு, வாளிக் காது வெள்ளை. கறுப்புப் பெயிண்ட் எடுத்து வருகிறேன் என்று நான் எழுந்தேன். அதற்குள் ஆரோக்கியம் மாட்டி, பிளாஸ்டிக் மேல் பாரம் ஒரே இடத்தில் விழாதபடி அகலமான வாஷர் போட்டு, போல்ட்டை அளவாக முறுக்கிவிட்டான். புது வாஷர், வெயிலில் பளபளவென்று மின்னுகிறது.

அதுவரைக்கும் கதவோரம் நின்ற தேனு கிட்டே வந்தாள். விரலால் வாஷரைத் தொட்டாள். "அப்பா, மாமா வண்டிக்குத் தோடு" என்றாள். அடுத்த பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தன் காதைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டாள்: "எனக்கு?"

மல்லிகா குனிந்து வாஷரைப் பார்த்தாள். பிள்ளையின் காதைப் பார்த்தாள். போனை எடுத்துக் குமாரைக் கூப்பிட்டாள்.

"குமாரு, இங்கிட்டு வா... இல்ல, கோவமெல்லாம் இல்ல. பிள்ள அவ மாமன் வண்டியில, டேங்கு மேல ஒக்காரட்டும். எப்பவும் அங்கதான ஒக்காருவா? நீ பின்னாடி ஒக்காந்து புடிச்சுக்க. மடி அவன்து, கை ஒன்து. சரியா?"

அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னான் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனே வந்துவிட்டான். மல்லிகா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை அவன் கையில் வைத்தாள். எனக்குத் தராத சாவி மாப்ளே! பொறாமையாகத்தான் இருந்தது. பேட்டரி செத்துத்தான் போயிருந்தது. நான் அன்றைக்கே சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மல்லிகா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். ஆரோக்கியம் வேறு பேட்டரி வாங்கிவந்து போட்டான்.

முகூர்த்தத்தன்று நார்த்தாமலைக்குப் போனோம். நாங்கள் ஆட்டோவில், குமார் முன்னால் உன் வண்டியில். வழியில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் சக்கரம் ஏறி இறங்கும்போது என் உயிர் அந்த வெள்ளைக் காதில் இருந்தது. அசையவில்லை. கோயிலுக்கு வெளியே மரத்தடியில், நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான். டேங்க் சுடும் என்று உன் ஆத்தா உன் பழைய துண்டை எடுத்து வந்து விரித்தது. அதன் மேல் தேனு, அவளுக்குப் பின்னால் குமார்.

பத்தர் பெட்டியைத் திறந்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார். "மாமன் மடி எங்கப்பா?"

"இதான் மாமன்" என்றது உன் ஆத்தா, ஹெட்லைட்டைத் தட்டி.

"மாமன் பெட்ரோல் வாடை அடிக்கிறாரே" என்றார் பத்தர். ஆனால் அவர் பங்குக்கு, பிள்ளைக்கு வைப்பதற்கு முன்னால் சந்தனத்தைத் தொட்டு மட்கார்டில் ஒரு பொட்டு வைத்தார். கால் இல்லாத அந்த 'மெ'வுக்குச் சரியாகப் பக்கத்தில்.

முதல் காதில் ஊசி இறங்கியது பிள்ளைக்குத் தெரியவில்லை. இரண்டாவதற்குத் தெரிந்துவிட்டது. மலை எதிரொலிக்கிற மாதிரி ஒரு கத்தல். குமார் என்ன செய்வதென்று தெரியாமல் ஹாரனை அழுத்திவிட்டான். நீ தெருமுனையில் திரும்பும்போது தேனுவுக்காக விட்டு விட்டு அடிப்பாயே, அதே மாதிரி. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, "இன்னொருக்கா" என்றாள்.

அந்தச் சத்தத்துக்கு மல்லிகா சட்டென்று ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். பிறகு சர்க்கரைத் தட்டை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தாள். குமாருக்குத்தான் முதலில்.

நானும் திரும்பிப் பார்த்தேன் என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஊருக்குச் சொல்லிவிடாதே.

இப்போது தேனுவைத் தம்பி என்று யாரும் கேட்பதில்லை. குமார் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து வண்டியை எடுத்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு, கழுவி நிறுத்திவிட்டுப் போகிறான். அவனுக்கும் பெண் பார்க்கிறோம். பஜ்ஜி விஷயத்தில் கவனமாக இருக்கச் சொல்லியிருக்கிறேன். ஆட்டை நான் தென்னையில் கட்டுகிறேன். தென்னைக்குக் காது இல்லை.

ஒரு காரியம் மட்டும் பாக்கி. என் கையில் பிரஷ் இருக்கிறது, சிவப்புப் பெயிண்ட் இருக்கிறது. அந்த 'மெ'வுக்குப் பக்கத்தில் ஒரு கால் இழுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இழுக்க மாட்டேன். அடுத்த வருஷமோ அதற்கு அடுத்த வருஷமோ தேனு எழுத்துக் கூட்டிப் படித்து, ஒருநாள் கொட்டகையில் நின்று, "அப்பா, மாமா என் பேரத் தப்பா எழுதியிருக்கு" என்று சொல்வாள். அன்றைக்கு அந்தப் பிரஷை அவள் கையில் கொடுப்பேன். உனக்குத் தெரியாத எழுத்தை உன் மருமகளே போடட்டும். அதுவரைக்கும் அந்த மட்கார்டு கழன்று விழாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இது சத்தியம் மாப்ளே.

உன்னைக் கேலி பண்ண ஆளில்லாமல் வாய் நமநமக்கும்,
உன் அக்காவைக் கட்டிய மச்சான்,
கருப்பையா